நகராத சாவி

1984இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் சேர்ந்தேன். காலை 6 மணி வகுப்பு. இடது கை விரல்களால் 'யளனகப' என்று அடித்து அடித்தே நாட்கள் போயின. அப்புறம்தான் சார் புள்ளிக்கு வந்தார்.

'அம்மா' அடிக்கச் சொன்னார். கையால் எழுதுகிற பழக்கத்தில் அ, ம என்று அடித்துவிட்டுப் புள்ளியைத் தட்டினேன். அது அடுத்த வெற்றிடத்தின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"மெஷினுக்கு முதல்ல புள்ளி பாப்பா, அப்புறம்தான் எழுத்து."

புள்ளிச் சாவியை அடித்தால் உருளை நகராது. விழுந்த புள்ளிக்குக் கீழேயே ம வந்து உட்காரும். யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா, 247 எழுத்துகளையும் ஆங்கில மெஷினில் இருக்கிற சில பத்துச் சாவிகளுக்குள் அடக்கிக் காட்டியவர். நகராத சாவி இல்லாமல் அது நடந்திருக்காது. அவரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன். அங்கே ஒரு டைப்பிங் கடையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளை, தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, கடைசிப் பிரதியிலும் எழுத்து தெரியும்படி ஓங்கி அடிப்பேன். (மின்னஞ்சலில் வருகிற 'சிசி' அந்தக் கார்பன் நகல்தான்.) பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் உருளையே கிடையாது. ஆனாலும் எங்களைப் போன்றவர்களின் விரலுக்காகப் பழைய தட்டச்சு முறையை அதிலும் வைத்திருந்தார்கள். நான் புள்ளியைத்தான் முதலில் அடித்தேன்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல், தமிழ் எப்படி ஒலிக்கிறது என்று பார்த்துச் செய்தது. அதுதான் சரி. பழகிய விரல் விடாததால் நான் அதற்கு மாறவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இன்று பேத்தி போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறாள். அந்த ஆங்கில வரிசையும் 1870களின் அமெரிக்கத் தட்டச்சுப்பொறியிலிருந்து வந்ததே. ழகரத்தை இரண்டு ஆங்கில எழுத்தாக அவள் நினைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் அவள் போனில் தமிழ்99 வைத்துக் கொடுத்தேன். அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. திரையில் 'அம்மா' நின்றது.

"நான் புள்ளியே வைக்கலியே, ஆயா. எங்கேருந்து வந்துச்சு?"

என் வலது சுண்டுவிரல் அந்தச் சாவியைத் தேடி மேசையில் ஒரு தட்டுத் தட்டியது.