மெல்லுடற் குளிர்காப்புப் பையின் வாய்: ஓர் ஆராய்ச்சி

உணவும் பானமும் குளிர்ச்சி குன்றாமல் ஓரிடம் விட்டு ஓரிடம் போகும்பொருட்டு, இரு துணிகளுக்கிடையே நுரைத்தாளை வைத்துத் தைத்து, உட்புறம் வெள்ளி நிறத் தாள் ஒட்டி, மேலே ஜிப்பும் தோளுக்கு வாரும் பொருத்திய பண்டம் இக்கட்டுரையில் மெல்லுடற் குளிர்காப்புப் பை எனப்படும். இப்பெயரை உலகில் எவரும் வழங்குவதில்லை என்பது அதன் ஆய்வுத் தகுதிக்கு இழுக்காகாது. புனேயில் முளா ஆற்றின் கரையில் அமைந்த போபோடியில், கட்கியின் ராணுவக் குடியிருப்பையும் 1869-இல் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ஒட்டி வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களிடையே இதற்கு 'ஐஸ் பை' என்ற பெயரே போதுமானதாயிருக்கிறது. 'கூலர்' என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் அச்சொல், கோடை பிறந்ததும் சன்னலோரம் ஏற்றப்பட்டு, மரச்சீவல் பொதிந்த விலாக்களில் நீர் வழிய, மின்விசிறியோடு இரைந்துகொண்டிருக்கும் தகரப் பெட்டிக்கு ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டது. சுற்றுலா புறப்படும் வீட்டில் 'கூலரை எடுத்து வண்டியில வை' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஏணி தேடப் போவது சொற்பொருளியலில் கவனிக்கத்தக்க நிகழ்வு.

பையின் குலமுறையை ஆராய்வோர் அமெரிக்கக் கடற்கரைகளுக்குப் போக வேண்டியதில்லை. ஜீப்புகளின் முன்புறத்தில் தொங்கிய 'சாகல்' என்னும் கித்தான் நீர்ப்பையே இவ்வாராய்ச்சியில் முதலில் எதிர்ப்படும் மூதாதை. ஆட்டைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்த அப்பெயர், கித்தானுக்கு முன் ஆட்டுத்தோல் அப்பணியைச் செய்ததற்குச் சான்று. சாகலின் மேனியில் கசியும் நீர் ஒரு கிராம் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது; உள்ளே இருக்கும் 100 கிராம் நீரை ஐந்தரை டிகிரிக்கு மேல் தணிக்க அது போதும். ஏப்ரல் மாதப் புனேயின் வறண்ட காற்றில் கண்கண்ட தெய்வமாக விளங்கும் இக்கருவி, மே மாதச் சென்னையின் புழுக்கத்தில், வியர்வையே உலராத காற்றில், வெறும் ஈரத்துணியாகிவிடும். கடலோரத்தார் வேறு வழி கண்டனர்: ஃபிரடெரிக் டூடர் என்ற பாஸ்டன் வணிகர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி அனுப்ப, அதைச் சேமித்துவைக்க 1842-இல் மதராஸ் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சாகல் குளிரை உண்டாக்கிற்று; மரத்தூள் வெப்பத்தை வாசலில் நிறுத்திற்று. இன்றைய பை இரண்டாம் மரபைச் சேர்ந்தது. அதற்குக் குளிர்விக்கத் தெரியாது, தாமதப்படுத்தத்தான் தெரியும். அவ்வகையில் அது ஓர் அரசு அலுவலகம்.

தாமதத்தின் அளவைக் கணக்கிடலாம். நீளம் 30, அகலம் 20, உயரம் 25 சென்டிமீட்டர் கொண்ட பையில், வெளியே 35 டிகிரியும் உள்ளே 5 டிகிரியும் இருக்க, சுவரில் 5 மில்லிமீட்டர் நுரைத்தாள் மட்டும் உள்ளதெனில், ஒரு கிலோ பனிக்கட்டி சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் நீராகிவிடும். நுரையை நான்கு மடங்காக்கி 20 மில்லிமீட்டர் வைத்தாலோ ஆயுள் நான்கு மடங்காகாமல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே நின்றுவிடுகிறது. பையின் உள்ளும் புறமும் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய காற்றுப் படலங்கள் முன்பே ஒரு பங்குத் தடுப்பைச் செய்துகொண்டிருந்தன, அவை நுரையோடு சேர்ந்து தடிக்கவில்லை என்பதே காரணம். வெள்ளித் தாளைப் பற்றி விற்பனையாளர் கூறும் பெருமைகளில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம்: எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பக்கதிரைத் திருப்பும்; தயிர்சாத டப்பாவை அதன்மேல் சாய்த்து வைத்தால் தன் கடமையை மறந்துவிடும்.

இனி இவ்வாய்வின் மையமான வழக்கு. பையைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பது எல்லா வீட்டுப் பெரியவர்களும் ஏகமனதாக வழங்கிய தீர்ப்பு. நுணல் தன் வாயால் கெடுவதுபோலப் பையும் தன் வாயால் கெடுகிறது என்பர். சென்னையிலிருந்து புனே நோக்கி இருபது மணி நேர அளவில் ரயிலில் வரும் தோசை மாவு, பொங்கிற்றா இல்லையா என்று ரேணிகுண்டாவில் ஒருமுறையும் குண்டக்கல்லில் ஒருமுறையும் சோலாப்பூரில் ஒருமுறையும் திறந்து பார்க்கப்படுவதும், ஒவ்வொரு முறையும் எதிர் இருக்கையிலிருந்து 'மூடும்மா, ஐஸ் உருகிடும்' என்ற குரல் எழுவதும் வழக்கு. ஆயின் மேற்சொன்ன பையின் கொள்ளளவு 15 லிட்டர். அதில் அடங்கும் காற்று முழுவதும் வெளியேறி வெளிக்காற்று புகுந்தாலும், அப்புதுக் காற்றையும் அதன் ஈரத்தையும் குளிர்விக்க ஏறத்தாழ ஆயிரம் ஜூலே செலவாகும். அது மூன்று கிராம் பனிக்கட்டியை உருக்கும் வெப்பம். குளிர்ந்த காற்று கனமானதாகையால் மேல்வாய் உள்ள பையில் அது அடியிலேயே படுத்துக்கிடக்கும். ஆகவே உண்மை இழப்பு இதனினும் குறைவு. மாறாக, அறைவெப்பத்தில் இருந்த இரண்டு லிட்டர் மோரை 'அதுவும் கொஞ்சம் சில்லுனு ஆகட்டும்' என்று உள்ளே நுழைத்து, 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர அரைக் கிலோ பனிக்கட்டி பலியாகிறது. நூற்று அறுபது தடவை எட்டிப் பார்த்ததற்குச் சமமான இக்குற்றத்தைச் செய்பவர் பெரும்பாலும் 'மூடும்மா' என்றவரே. பை கெடுவது வாயைத் திறந்ததால் அன்று, வாய்க்குள் போட்டதால்.

இதனால் வாய்க்கு முழு விடுதலை கிடைத்துவிடாது. ஜிப் மூலையில் திரும்பும் இடத்தில் பற்கள் பிதுங்கி, இரண்டு விரற்கடை இடைவெளி நிரந்தரமாக நின்றுவிடுவது கணக்கில் அடங்காத ஒழுக்கு. அமெரிக்காவின் யெட்டி நிறுவனம் சில மென்பைகளின் வாயைக் காந்தத்தால் மூடிப் பார்த்தது. காந்தங்கள் கழன்று விழுங்கப்படக்கூடும் என்பதால், வேறொரு பையையும் சேர்த்து, 2023 மார்ச்சில் சுமார் 19 லட்சம் பைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 

சூட்டைக் காக்கவும் இதே பை உதவும் என்பது உண்மையே. எனினும் வெளியேற முடியாத ஆவி உள்ளேயே சுற்றுவதால் முறுகல் தோசை துவண்டுபோகிறது.

தையலைப் பற்றி முன்னோர் எழுதாமல் விட்டது பெருங்குறை. ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் ஒரு மதகு. விலை மிகுந்த பைகளில் உள்விரிப்பைச் சூட்டினால் ஒட்டிவிடுவர். மலிவானவற்றில் தைத்தே விடுவதால் உருகிய நீர் அடிமூலையில் வந்து சேர்ந்து சொட்டும். ஸ்கூட்டரில் தொங்கிய காலத்தில் அந்நீர் சாலையோடு போயிற்று. 2023 ஆகஸ்டு 1-இல் போபோடி மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டு, பை மடிமேல் ஏறிய பின்னரே சேலை அதைப் பதிவு செய்யத் தொடங்கியது. போபோடி கண்ட தீர்வு எளிது: உதிரிப் பனிக்கட்டிக்குப் பதில், ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் பங்கு நீர் ஊற்றி முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவது. உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருப்பதால் மேலே சற்று இடம் காலியாயிருக்க வேண்டும்; கால் பங்கு தாராளம். கழுத்துவரை நிரப்பியோர் மறுநாள் விரிந்த புட்டியைக் கண்டு இந்த இயற்பியலைக் கற்றுள்ளனர். உருகிய பின் குடிக்கவும் ஆகும்.

பையின் இறுதி நிலை எங்கும் ஒன்றே. மடிப்புக்கோட்டில் வெள்ளித் தாள் உரிந்து, உள்மூலையில் என்றோ சிந்திய பாலின் வாடை போகாமல் நின்றதும், அது பால்கனிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறது. உலர்ந்த பின் சமையலறைக் கதவின் பின்னால் உள்ள ஆணிக்கு இடம்பெயர்ந்து, கடைகளிலிருந்து வந்த மற்றப் பைகளையெல்லாம் மடித்து அடைத்துவைக்கும் பையாகப் பதவியேற்கிறது. அப்பதவியில் அதன் ஜிப் ஒருபோதும் மூடப்படுவதில்லை.