மரங்களுக்கு முறை வைத்தவர்

கேள்வி: பெங்களூரில் தை தொடங்கி சித்திரை தாண்டியும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கிறதே, அது எப்படி?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: பந்தியில் ஒரு வரிசை எழுந்ததும் அடுத்த வரிசை உட்காருவதுபோல, மரங்களுக்கும் முறை வைத்தார் ஒரு மனிதர். ஜெர்மனியில் பிறந்த குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல், 1908 முதல் 1932 வரை பெங்களூரின் லால்பாக் தோட்டத்தை நிர்வகித்தவர். எது எந்த மாதம் பூக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒன்று உதிரும்போது இன்னொன்று மலரும்படி சாலை மரங்களைத் தேர்ந்தார். அந்தக் கணக்கின் பலனைத்தான் இன்றும் பார்க்கிறோம்.

அவருக்குப் பின், 1980-களில் பெங்களூரில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி.நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. ஒரு அரசு அலுவலர் ஊருக்குச் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரியவில்லை!

இந்த ஊர்ச் சாலைகளில் பூக்கும் இளஞ்சிவப்பு டபேபுயா மத்திய அமெரிக்காவிலிருந்து, ஊதா ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து, குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து. எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள், ஆனால் பெங்களூர் வெயிலில் சொந்த வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். டபேபுயா வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டுப் பூப்பதால், வெறும் கிளை முழுக்க நிறமாகத் தெரிகிறது. தேனீக்கும் அது வசதி, நமக்கும் வசதி.

என் ஓட்டு மட்டும் சரக்கொன்றைக்குத்தான். நம் மண்ணின் மரம் அது. புதிதாக நடுகிறவர்கள் அதற்கும் இடம் கொடுக்கட்டும். நட்டபின் அடிமரம்வரை சிமென்ட் பூசாமல் இருக்கட்டும். வேருக்கு மழைத்தண்ணீர் போக வேண்டாமா?