பேஸா, எஸ்ஸா? ஆலுவா நெடுஞ்சாலையை முன்வைத்து ஒரு தடைவிடை

நூல் செய்வோருக்கு நன்னூல் வகுத்த ஏழு மதங்களுள் ஒன்று, இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருவர் பக்கத்தைத் துணிந்து சொல்வது. இந்த நெறியைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரின் வழக்குக்கு யாரும் இதுவரை பொருத்திப் பார்க்காதது ஆய்வுலகின் பெருங்குறை. வழக்கு எளியது. ஒரே காரை ஒரே கம்பெனி இரண்டு விதமாக விற்கிறது. ஒன்று பேஸ் மாடல். மற்றது அதே உடலுக்குள் பெரிய எஞ்சின் வைத்து, பின்புறம் ஓர் எழுத்தும் கூடுதலாக ஒட்டி, கணிசமாக விலை ஏற்றிய மாடல். போர்ஷே பாக்ஸ்டரும் பாக்ஸ்டர் எஸ்ஸும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்போது எதை எடுப்பது? ஆய்வுக்களமாக ஆலுவாவிலிருந்து இடப்பள்ளி வரையிலான நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்கிறோம். சேலத்தில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 544, கோவையைத் தொட்டு வாளையாறு தாண்டிக் கொச்சிக்குள் நுழைவது இவ்வழியே என்பதால் தமிழ் வாசகருக்கும் இதில் உரிமை உண்டு. ஆலுவாவின் கேஎல் 41, மட்டாஞ்சேரியின் கேஎல் 43, எறணாகுளத்தின் கேஎல் 07 ஆகிய மூன்று பதிவு எண்களும் ஒரே நெரிசலில் சமத்துவத்தோடு நிற்கும் இடம் என்பதால் பாரபட்சத்துக்கும் வழியில்லை.

முதலில் அளவை. 2012இல் வந்த பாக்ஸ்டருக்கு, அதாவது 981 என்ற தலைமுறைக்கு, பேஸில் 2.7 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன். எஸ்ஸில் 3.4 லிட்டர், 315 குதிரைத்திறன். மேனுவல் கியரில் நூறு கி.மீ. வேகத்தைத் தொட முன்னது 5.8 நொடியும் பின்னது 5.1 நொடியும் எடுத்துக்கொள்ளும் என்பது கம்பெனி கணக்கு. ஆக, வழக்கின் மொத்த மதிப்பு ஐம்பது குதிரைகளும் 0.7 நொடியும். இனி இந்தக் குதிரைகளுக்கு ஆலுவாவில் என்ன வேலை என்று பார்ப்போம். இத்தகைய காரின் எடை 1,300 கிலோவுக்குச் சற்று மேல். முகப்புப் பரப்பு சுமார் இரண்டு சதுர மீட்டர். காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் கூட்டிப் பார்த்தால், சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போக அதற்குத் தேவை ஏறத்தாழ ஐந்து குதிரைத்திறன். 110 சிசி ஸ்கூட்டரின் எஞ்சினே ஏழெட்டுத் தரும். நூறில் போகவும் இருபதுக்குள் அடங்கிவிடும். கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள வேக வரம்பு, கார்களுக்கு நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, நகரச் சாலையில் 50. எனவே சட்டத்துக்கு உட்பட்ட உச்ச வேகத்திலும் பேஸ் மாடலில் சுமார் 245 குதிரைகள் சும்மா இருக்கும். எஸ் மாடலில் 295 குதிரைகள் சும்மா இருக்கும். எஸ் வாங்குபவர் கூடுதலாகப் பணம் கொடுப்பது, சும்மா இருக்கும் குதிரைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதற்காகவே என்பது இதனால் பெறப்படும்.

அஃதேல், வரம்பு வேகத்தை எட்டும் வரையிலான முடுக்கத்திற்காவது அவை உதவாவோ எனின், உதவும்; எட்ட விடுவார் யார் என்பதே வினா. 1940இல் திறந்த மார்த்தாண்ட வர்மா பாலத்தைத் தாண்டி ஆலுவாவுக்குள் வந்தால், இடப்பள்ளி வரை நெடுஞ்சாலையின் நடுவில் மெட்ரோ தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 2017 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, புளிஞ்சோடு, முட்டம், களமசேரி என்று நின்று நின்று போயும் இடையில் 80 கி.மீ. வேகம் வரை தொடக்கூடியது. அதற்குக் கீழே ஓடும் காருக்கு, தலைக்கு மேலே போகும் பொதுப் போக்குவரத்தை முந்துவதே முதற்கண் சாதனை. ஆலுவாவுக்கு வடக்கே போனால் நிலைமை சீராகும் என்பதும் துணிபு அன்று. இடப்பள்ளி முதல் மண்ணுத்தி வரையிலான 65 கி.மீ. சாலையின் நெரிசலையும் பழுதையும் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலையே நிறுத்தி வைத்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அத்தூரத்தைக் கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகுமானால் 150 ரூபாய் எதற்கு என்ற கேள்வி அங்கே எழுந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் 0.7 நொடியின் பங்கு என்ன என்பதை வகுத்துப் பார்க்கும் வேலையை வாசகருக்கே விட்டுவிடுகிறோம்.

இனி வரலாறு. பேஸ் என்பது ஒரு காரின் இயல்பா, அல்லது பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வந்து சேர்ந்த பழியா? 1996இல் முதல் பாக்ஸ்டர் வந்தபோது அதற்கு 2.5 லிட்டர் எஞ்சினும் 204 குதிரைத்திறனும் இருந்தன. அப்போது எஸ் என்று ஒன்று இல்லை. ஆகவே பேஸ் என்று ஒன்றும் இல்லை. மூன்றாண்டு அது வெறும் பாக்ஸ்டராகவே மானத்தோடு ஓடியது. 1999இல் 252 குதிரைத்திறனோடு எஸ் வந்தது. பேஸுக்கும் அதே வேளையில் 2.7 லிட்டர் எஞ்சினும் 220 குதிரைத்திறனும் கொடுத்தார்கள். ஆக, திறன் கூடிய அதே நாளில் அது கீழ்ச்சாதியாயிற்று. அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1999இன் எஸ், நூறைத் தொட 5.9 நொடி எடுத்தது. 2012இன் பேஸ் அதைவிடத் திறனும் கூடியது, ஒரு துளி விரைவும் கூடியது. 2005இன் எஸ்ஸுக்கு 280 குதிரைத்திறன் என்றால், 2016இன் பேஸுக்கு 300. அதாவது, பொறுமை உள்ளவன் பேஸ் வாங்கினாலும் முந்தைய தலைமுறையொன்றின் எஸ் அவன் கைக்கு வந்துவிடுகிறது. பழைய கார் சந்தைக்கு வருபவனிடம் மிச்சம் இருக்கும் ஒரே செல்வம் பொறுமைதான் என்பதால் இது சிறிய வாதம் அன்று.

இவை துணைச் சான்றுகளே. முதன்மைச் சான்று, வண்டி பழையது என்பதிலிருந்து பிறக்கிறது. எஸ்ஸின் கூடுதல் ஐம்பது குதிரைகளை முதல் ஓனர் ஓட்டினாரா, ஓட்டவில்லையா? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஓட்டவில்லை என்றால், சாலை அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அதே சாலையில் ஓட்டப்போகும் உமக்கும் கொடுக்காது. ஓட்டினார் என்றால், எஞ்சின், கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் ஆயுளில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேய்மானத்துக்குத்தான் நீர் கூடுதல் விலை தருகிறீர். முதற்பக்கம் கொண்டால் பயனில்லை. மறுபக்கம் கொண்டால் நட்டம். அற்றன்று, அவர் அளவாக ஓட்டியிருக்கலாமே என்பாரும் உளர். அளவாக ஓட்டுவது என்பது பேஸின் எல்லைக்குள் ஓட்டுவது. அதற்குப் பேஸே போதும் என்பதை அவரே தம் வலது காலால் நிறுவிவிட்டார்.

ஓட்டினாரா இல்லையா என்பதை ஓனரின் வாயிலிருந்து அறிய முடியாது. பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கும் எவரும் அதைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே எடுத்ததாகச் சொல்வது வழக்கம். நல்லவேளையாக, இந்த ரகக் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டர் பொய் சொல்லப் பழகவில்லை. எஞ்சின் சிவப்புக் கோட்டை எட்டியும் தாண்டியும் சுழன்றதை அது படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் எத்தனை தரம், கடைசியாக எத்தனையாவது ஓட்ட மணியில் என்பது வரை குறித்து வைத்திருக்கும். மேனுவல் கியரில் நாலிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டிய கம்பி மூன்றில் விழுந்த ஒரு நாள் இருந்தால், அந்த நாளும் அதில் இருக்கும். இதைப் படித்துத் தரும் கருவி உள்ள சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் காத்திருப்பவன், மாடல் பெயரை ஆராய்வதில் ஒரு மாதம் போக்குபவனைவிட அதிகம் அறிவான். எஞ்சினின் பரிமாணத்துக்கும் நோய்க்கும் உறவுண்டு என்பதும் இத்துறையில் உள்ளோர் அறிந்ததே. 2009க்கு முந்திய 3.4, 3.8 லிட்டர் எஞ்சின்களில் சிலிண்டர் சுவர் கீறல் விழுவதாக வரும் புகார், அதே காலத்து 2.7இல் அரிது. பெரிய எஞ்சினோடு பெரிய மருத்துவச் செலவும் சேர்ந்தே வருகிறது.

சாலை தன் வாக்குமூலத்தை டயரில் எழுதுகிறது. 981 பேஸுக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய முன் டயர் 235/45, சக்கரம் 18 அங்குலம். எஸ்ஸுக்கு 235/40, சக்கரம் 19 அங்குலம். 235இல் 45 சதவீதம் கிட்டத்தட்ட 106 மி.மீ.; 40 சதவீதம் 94 மி.மீ. அலாய்க்கும் குழிக்கும் நடுவே நிற்கும் ரப்பரில் 12 மி.மீ.யை எஸ்காரர் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் நிறைந்த குழி எது, தண்ணீர் மட்டும் தேங்கிய சமதளம் எது என்று தெரியாத ஒரு சாலையில் அந்த 12 மி.மீ.யின் மதிப்பு ஐம்பது குதிரைகளைவிடப் பெரிது. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி கட்டிய வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; அகலம் 3.7 மீட்டர். விதிப்படி கட்டாததன் உயரம் கட்டியவருக்கே தெரியாது. போர்ஷேயின் இன்னொரு காரான 911 கரேராவில், 991 என்ற தலைமுறையின் முற்பகுதியில், எஸ்ஸோடு கூடவே வரும் சஸ்பென்ஷன் வண்டியை மேலும் 10 மி.மீ. தாழ்த்துகிறது. தாழ்ந்தது உயர்ந்தது என்று விற்கப்படும் இடம் இது ஒன்றே.

இனித் தடைகள். பெரிய எஞ்சின் இருந்தால் பாதுகாப்பாக முந்தலாம் என்பது முதல் தடை. ஆலுவாவிலிருந்து பெரும்பாவூர், கோதமங்கலம் வழியாக மூணாறு போகும் சாலையை இதற்குக் காட்டுவர். நேரியமங்கலம் பாலம் தாண்டி அடிமாலி ஏறும் காட்டுப் பாதையில் முன்னால் ஒரு கேஎஸ்ஆர்டிசி பஸ் போகிறது என்று கொள்வோம். அங்கே முந்துவதற்குத் தேவைப்படுவது எதிர்த்திசையில் வெறிச்சோடிய நூறு மீட்டர் சாலை. அதை எந்தக் கம்பெனியும் எஸ் மாடலோடு சேர்த்துத் தருவதில்லை. அது கிடைத்த கணத்தில் 265 குதிரைகளே மிகை. எஸ்ஸின் பிரேக் பெரியதே என்பது இரண்டாம் தடை. உண்மை. ஆனால் வண்டியை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. எட்டு வருடப் பழைய டயரில் பெரிய பிரேக், வழுக்குவதைத்தான் விரைவுபடுத்தும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். பிரேக் அளவைக் கேட்பதற்கு முன் அதைக் குனிந்து படிப்பது நலம். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் ஓட்டலாமே என்பது மூன்றாம் தடை. தாராளமாக. ஆனால் அன்றிலிருந்து நீரும் மேலே சொன்ன முதல் ஓனர் ஆவீர். உம்மிடம் வாங்க வருபவர் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்வார்.

பயன்படாவிட்டாலும் இருக்கிறது என்பதே ஒரு தைரியம், லாக்கரில் நகை இருப்பது போல என்பது நான்காம் தடை. இது நுட்பமானது. எனினும் லாக்கரில் உள்ள நகைக்கு ஆண்டுதோறும் ஆயில் மாற்ற வேண்டியதில்லை; சந்தைக்குப் போனால் விலை ஏறியிருக்கும், இறங்கியிருக்காது. அதோடு, கேரளத்தில் விலை உயர்ந்த காருக்குச் சாலை வரி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்த வரிக்கு அஞ்சிப் புதுச்சேரி முகவரியில் கார் பதிந்தவர்களின் விவகாரம் 2017இல் வழக்கு வரை போனது. எஸ்ஸின் ஒவ்வொரு குதிரைக்கும் ஆலுவாவில் வரி உண்டு, புல் இல்லை.

கடைசித் தடையே வலுவானது: கௌரவம். பேஸ் வைத்திருப்பவனை நாலு பேர் மதிப்பார்களா? இதற்கு நாலு பேரையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். பெட்ரோல் பங்கிலோ மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு லாரிக்குப் பின்னாலோ இந்தக் காரைச் சூழ்பவர் கேட்கும் கேள்வி இரண்டே: என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? எஸ்ஸா என்று கேட்பவர் இன்னொரு போர்ஷே வைத்திருப்பவராகவே இருப்பார். அவர் தம்முடையதைப் பற்றிச் சொல்லவே கேட்கிறார். மேலும், பின்புறம் மாடல் பெயரை ஒட்டாமலே காரைத் தரும்படி போர்ஷேயிடம் ஆர்டர் செய்ய வழியுண்டு. கூடுதலாகக் கொடுத்து எஸ் வாங்கி, அது எஸ் என்று தெரியாமல் செய்துகொள்வோர் உண்டென்றால், அந்த எழுத்தில் கௌரவம் குடியிருக்கிறது என்ற கோட்பாடு கம்பெனி வாசலிலேயே விழுந்துவிடுகிறது.

ஆகவே பேஸே கொள்ளத்தக்கது என்பது துணிபு. விலையில் மிஞ்சும் பணத்தைப் புது டயருக்கும், முழு சர்வீசுக்கும், 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் ஏறி வந்த நாட்களில் அந்த வண்டி எங்கே நின்றது என்று சீட்டுத் தண்டவாளத்தின் அடியிலும் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தும் சேறு தேடிப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் செலவிடுக. இதில் எம் கண்ணுக்குப் பட்ட குற்றம் ஒன்றே. இதைப் படித்தோர் அனைவரும் பேஸையே தேடிப் போனால், பேஸ் விலை ஏறி, எஸ் விலை இறங்கி, ஒருநாள் எஸ்ஸே மலிவாகிவிடும். அன்று இக்கட்டுரையின் காரணங்களே அதன் முடிவுக்கு எதிராக நிற்கும். ஆயினும் கவலைப்பட இடமில்லை. கார் வாங்குவோர் இத்தனை வாதங்களையும் தலையாட்டி ஒப்புக்கொண்டுவிட்டு, மாலையில் போய் எஸ்ஸுக்கே அட்வான்ஸ் கொடுக்கும் இயல்பினர். அவர்கள் உள்ளவரை பேஸ் மலிவாகவே கிடைக்கும், இக்கோட்பாட்டுக்கும் அழிவில்லை.