எழுவாயைக் காணவில்லை

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாத்தூர் வட்டம்.
பெறுநர்: பட்டாசு விபத்துச் செய்திக்குறிப்பு எழுதும் அலுவலர் அவர்கள்.
பொருள்: எழுவாய் காணாமல் போனது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் குறிப்புகள், எல்லா வருஷமும்.

ஐயா,

‘மருந்து செலுத்தும்போது உராய்வின் காரணமாக வெடிவிபத்து ஏற்பட்டது’ என்ற தங்கள் வாக்கியத்தை எத்தனையோ வருஷமாக வாசித்து வருகிறேன். ஊர் மாறும், தேதி மாறும், எண்ணிக்கை மாறும். வாக்கியம் மட்டும் அச்சுக் கட்டை மாதிரி அப்படியே இருக்கும்.

இலக்கணப்படி இதில் ‘விபத்து’தான் எழுவாய் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விபத்து தன்னைத்தானே ஏற்படுத்திக்கொண்டதா? தமிழ் வினைக்கு வால் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார் என்று ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘ஏற்பட்டது’ என்று எழுதினால் வாலில் அஃறிணைதான் தொங்கும். இந்த மாவட்டத்தில் உராய்வைப் போல இத்தனை முறை குற்றம் செய்தவர் வேறு யாரும் இல்லை. இன்றுவரை கைதாகவும் இல்லை.

உயர்திணை தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அடுத்த பத்தியிலேயே நிதியுதவி வருகிறது. அங்கே எழுவாய் ‘மாண்புமிகு’வோடு வந்து உட்கார்ந்து ‘உத்தரவிட்டுள்ளார்கள்’ என்று பலர்பாலில் முடிகிறது. பணம் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு. நாலு பேருக்கான அறையில் பத்துப் பேரை உட்கார வைத்தவருக்கு இல்லை. உள்குத்தகைக்கு விட்டவருக்கும், இடம் போதாமல் மரத்தடியில் மருந்து வைத்து வேலை வாங்கியவருக்கும் அதே கதி. அபூர்வமாக ஒருவர் மட்டும் எழுவாயாக அகப்படுவார், போர்மேன். ‘அஜாக்கிரதை’ என்ற பழைய போலீஸ் தமிழ் அவருக்கென்றே உயிரோடு இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். இரண்டு கையிலும் தீக்காயத் தழும்பு. அவர் சொல்வது இவ்வளவுதான்: “மருந்து சூடேறிருச்சுன்னு காலையிலயே சொன்னேன். ‘பேசாம வேலையப் பாரு’ன்னாக.” யார் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘ன்னாக’ மேலே இருந்து பேசிய ஓர் ஆளைக் காட்டிவிட்டது. இதைத் தாங்கள் மொழிபெயர்த்தால் ‘தொழிலாளர்களின் கவனக்குறைவு’ என்று வருமோ என்று பயமாக இருக்கிறது.

மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளியூர்க்காரர்கள் அது உயிர் காப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பவுடரும்.

தங்கள் குறிப்பின் தமிழுக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்து விருதுநகரில்தான் 1956-இல் சங்கரலிங்கனார் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். 76 நாள் பட்டினி கிடந்து அக்டோபர் 13-ஆம் தேதி இறந்தார். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் அதே ஆண்டு முடியும் முன்னால் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் கிடைக்க மட்டும் 1969 ஆயிற்று. செய்திக்குறிப்புக்குத் தமிழ் வந்துவிட்டது, நல்ல தமிழ்தான். ஆங்கிலம் இருந்த காலத்தில் ஊருக்குப் புரியவில்லை. இப்போது எல்லோருக்கும் புரிகிறது, யார் செய்தார் என்பது தவிர.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் போனார்கள். காப்பாற்ற ஓடிப்போன ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஓடினார்கள், தூக்கினார்கள், செத்தார்கள். பாருங்கள், அவர்களுடைய வினைகளில் எழுவாய் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, அடுத்த குறிப்பில் (அது வராமலே போகட்டும்) மூன்று வரி மட்டும் கூடுதலாக எழுதுங்கள். உரிமம் யார் பெயரில் இருந்தது? அன்று வேலை நடத்தியவர் யார்? கடைசியாக எந்த அலுவலர், எந்தத் தேதியில் ஆய்வுக்குப் போனார்? ‘போனார்’ என்று முடியுங்கள். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்.