பித்தப்பை வெளியே, ரிப்போர்ட் எங்கே?

கல்லோடு பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை எதற்குப் பயாப்சிக்கு அனுப்புகிறார்கள்? வெளியே போனதற்கு என்ன வைத்தியம்?
*ஒரு நெசவாளர், பிள்ளையார்பாளையம்*

வைத்தியம் போன பைக்கு அல்ல, இருக்கும் உங்களுக்கு! பித்தப்பைப் புற்று ஆரம்பத்தில் சத்தமே காட்டாது, ஸ்கேனுக்கும் தப்பிவிடும். கல்லுக்காக எடுத்த பையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் பலருக்கு அது தெரியவந்திருக்கிறது.

'கொலஸ்டிரோலோசிஸ்' என்று எழுதியிருக்கிறதே, பயமா?
*ஒரு வாசகி, ஐயம்பேட்டை*

வேண்டாம். பையின் உள்சுவரில் கொழுப்பு மஞ்சள் புள்ளிகளாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர்கள் இதை 'ஸ்ட்ராபெர்ரி பித்தப்பை' என்பார்கள். காஞ்சிபுரத்துக்காரர் பெயர் வைத்திருந்தால் 'புட்டா போட்ட பித்தப்பை' என்றிருப்பார்!

மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா: இரண்டும் ஒன்றுதானே?
*ஒரு கல்லூரி மாணவி, ஓரிக்கை*

இல்லை. கல் வருடக்கணக்கில் உறுத்தி அழற்சி நீடித்தால், பையின் உள்தோல் இரைப்பை அல்லது குடல் தோலின் சாயலுக்கு மாறும். அது மெட்டாபிளேசியா. சேலையின் உடல் நெய்யும் இடத்தில் கரை டிசைன் விழுந்த மாதிரி. இடம்தான் தவறு, இழை ஒழுங்காகவே இருக்கிறது. டிஸ்பிளேசியாவில் இழையே ஒழுங்கு தப்புகிறது. அது புற்றுக்கு முந்தைய படி. வெட்டிய விளிம்பில் அது இல்லையென்றால், பையை எடுத்ததே பெரும்பாலும் போதுமான சிகிச்சை.

சதைக்கும் சாயம் போடுவார்களாமே?
*சாயப்பட்டறைத் தொழிலாளி, சின்ன காஞ்சிபுரம்*

ஆமாம், அதுவும் உங்கள் சொந்தக்காரச் சாயம்! திசுவை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் சுமார் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, இரண்டு சாயம் ஏற்றுவார்கள். அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வரும் ஹெமடாக்சிலின், பட்டுக்குக் கறுப்பேற்றிய சாயம். ஈயோசின், 1870களில் ஜெர்மனியின் ஹைன்ரிச் காரோ உருவாக்கிய துணிச்சாயம். முதலாவது செல்லின் கருவை நீலமாக்கும். இரண்டாவது மற்றதைச் சிவப்பாக்கும். கரு பெருத்துக் கறுத்திருந்தால் நோயியல் டாக்டர் உஷாராகிவிடுவார்.

பித்தப்பைப் புற்று வடநாட்டு நோய்தானே?
*ஒரு வாசகர், முத்தியால்பேட்டை*

கங்கைச் சமவெளியில் அதிகம், இங்கே குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. வந்தால், எவ்வளவு ஆழம் என்பதே கேள்வி. உள்தோலோடு நின்றிருந்தால் பையை எடுத்ததே பெரும்பாலும் போதும். தசை அடுக்கைத் தொட்டிருந்தால், பக்கத்துக் கல்லீரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க மறு ஆபரேஷன் தேவைப்படலாம். அந்த நேரத்தில் வாரங்கள்கூட முக்கியம். காரப்பேட்டையில், புற்றுநோய்க்கு 1969இல் நாம் பறிகொடுத்த அண்ணாவின் பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். தறியில் முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது. ரிப்போர்ட்டை அப்புறம் வாங்கினால் ஆகாதா?
*ஒரு நெசவாளர், பிள்ளையார்பாளையம்*

ஆகாது, அண்ணே. பாதிச் சேலை தறியிலேயே காத்திருக்கும், நோய் காத்திருக்காது. நாளைக் காலை முதல் வேலையாகப் போய் ரிப்போர்ட்டை வாங்குங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் கையில் கொடுத்து, கடைசி வரிவரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தறியில் உட்காருங்கள்.