கயிறு இல்லாமல் முடியாது

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திங்கட்கிழமை காலையில் ஒரு டீ சொல்லிவிட்டு நின்று பாருங்கள். மனு கொடுக்க மாவட்டமே வந்திருக்கும். பெஞ்சில் யாருக்கும் யாரையும் தெரியாது. மற்றபடி எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அன்றைக்கு ஏலகிரியில் தொடங்கியது. மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டிருந்த ஒருவர், பதினாலு கொண்டை ஊசி வளைவையும் இஞ்சினை அணைத்து நியூட்ரலிலேயே இறங்கினாராம். "ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல சார். கிளைடர் மாதிரி மெதந்து வந்தேன்." காதில் பேனா செருகியிருந்தவர் சீறினார். உயிர்மேல் அக்கறை என்று நினைக்க வேண்டாம். "கிளைடர்னா கயிறு கட்டி இழுக்கணும் தலைவரே. இஞ்சின் நின்னா பிளேனு கல்லு மாதிரி விழும்."

எனக்கும் வாய் அரித்தது. 1983-இல் கனடாவில் ஒரு போயிங் 767, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றதையும், கிலோவுக்குப் பவுண்டு கணக்குப் போட்டதே காரணம் என்பதையும் சொன்னேன். விமானி கிளைடர் பழகியவர். கிம்லியில் கைவிட்ட ஓடுதளம் ஒன்றில் மிதந்து வந்து இறக்கினார், எல்லாரும் பிழைத்தார்கள். பட்டன்காரர் யோசித்தார். "அப்ப நம்ம அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டுலயும் இறக்கலாம்."

தாராளமாக. குறுக்கே வர அங்கே வேறு விமானம் ஏது? உடான் திட்டம் 2016-இல் வந்தது. ரப்பர் செருப்பு போட்டவனும் பறப்பான் என்றார்கள். ஓடுதளத்தைச் செப்பனிட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 2024 முடிந்தும் ஒரு பயணி ஏறவில்லை. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூர்க்காரன், விமானம் பிடிக்க இன்னும் நடுராத்திரியில் சென்னைக்கோ பெங்களூருக்கோ கார் சொல்கிறான்.

பேச்சு அரசியலுக்குத் தாவியது. ஓட்டுக்குக் காசு வாங்குகிறவன் மனுஷனே இல்லை என்று பெஞ்சு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதற்காகத் தேர்தல் ரத்தான முதல் மக்களவைத் தொகுதி, இந்தியாவிலேயே, எது ஐயா? நம்ம வேலூர்தான். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, 16-ஆம் தேதி ரத்து. ஆகஸ்ட் 5-இல் மறுபடி நடத்தி, 8,141 ஓட்டில் முடிந்தது. அந்தக் கட்டெல்லாம் யார் வீட்டுக்குப் போகவிருந்தது என்று பாலாற்று மணலைக் கேட்கலாம் என்றால், அதையும் அள்ளி விற்றாயிற்று.

இத்தனைக்கும் ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். தோல் லாரி ஓட்டுகிறவர், சட்டையிலேயே வாடை சொன்னது. "இஞ்சின அணைச்சா பிரேக்குக்கு ஏர் ஏறாதுண்ணே. எறக்கத்துல கியர்லதான் வரணும். ஏறி வர்ற வண்டிக்கு நாமதான் வழி வுடணும்" என்றார். வளைவில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு லாரிக்காரர் பேனாக்காரரிடம் வந்தார். அவர்தான் மனு எழுதுகிறவராம். "கெணத்துத் தண்ணி செவப்பா வருது சார். ஊத்துனா செடி கருகுது."

தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த இந்தத் தண்ணீருக்காகத்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே காசைக் கட்டட்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதையே திருப்பிச் சொன்னது. இருபத்தெட்டு வருஷம் கழித்தும் சொல்ல வைத்தோமே, வெட்கம் வேண்டாமா? வெறும் வாயை மென்று, வண்டியை அணைத்து, இறக்கம் இருக்கிறவரை ஓடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

பேனா காதிலிருந்து இறங்கியது. "மதிப்பிற்குரிய ஐயா" வரைக்கும் வந்து நின்றது. அவர் பட்டன்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லு தலைவரே, கயிறு இல்லாம முடியாது."

லாரிக்காரர் காத்திருந்தார்.