மங்களகரமான மஞ்சள் தண்ணீர்

அனுப்புநர்: ஒரு மனுதாரர், வடபழனி, சென்னை-26.
பெறுநர்: மனுக்களை முடித்து வைக்கும் உயர்திரு அலுவலர் அவர்கள்.
பொருள்: மஞ்சள் தண்ணீர் – மனு முடித்து வைக்கப்பட்டமை – மகிழ்ச்சி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் குறுஞ்செய்தி.

ஐயா, வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய ஊரில் என் மச்சான் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று மனு கொடுத்திருந்தேன். "மனுதாரரின் தெருவில் கள ஆய்வு செய்ததில் மஞ்சள் நீர் எதுவும் காணப்படவில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று பதில் அனுப்பினீர்கள். என் தெரு வடபழனியில் இருக்கிறது. கிணறு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பக்கம். ஆனாலும் தங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் தெருமுனையில் திரும்பினால் ஆற்காடு ரோடு. ஆற்காட்டுக்குப் பாலாற்றின் அக்கரைதானே ராணிப்பேட்டை? போர்டைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று இறங்கியிருப்பீர்கள். மெட்ரோ பள்ளத்தைப் பார்த்து, கெட்ட மண்ணை அள்ளும் வேலை மும்முரமாக நடக்கிறது என்றும் கோப்பில் எழுதியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிறகு ஒரு இயந்திரக் குரல் கூப்பிட்டது. தீர்வு திருப்தி என்றால் 1, இல்லையென்றால் 2. நான் 2 அழுத்தினேன். "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்றது.

மஞ்சள் மங்களகரமானது ஐயா. கல்யாணத்துக்கு மஞ்சள், தாலிக்கு மஞ்சள், திருவிழா முடிந்தால் மஞ்சள் நீராட்டு. மாநில அரசு 2021 டிசம்பரில்தான் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியது. மச்சான் ஊரில் மஞ்சள் திட்டம் அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. தோல் பதனிடக் குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1995 வாக்கில் மூடப்பட்டது. மஞ்சக் கடுதாசி கொடுப்பவர்கள் கடனைத்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் கம்பெனி இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகவே குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்த மலையிலிருந்து வழிந்து ஊருக்கே மஞ்சள் நீராட்டு. மச்சான் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இறங்கிய பிறகு விளிம்பில் ஒரு கோடு நிற்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம். கண்ணுக்கே நிறம் தெரிகிற தண்ணீரை எதற்கு அளந்துகொண்டு! 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மோசமான பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. மச்சானின் பக்கத்து ஊருக்கு உலகப் புகழ் கிடைத்ததற்கும் நன்றி.

நிதி இல்லை என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் பண்பு. சொல்லவும் முடியாது. 2010-ல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்த செஸ், 2016-ல் 400 ரூபாய் ஆனது. தேசியத் தூய எரிசக்தி நிதியத்துக்கு என்றார்கள். நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்யத் திட்ட அறிக்கை தயாரிக்கவும் அதில்தான் பணம். அந்த நிலங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் உண்டு. 2010-11 முதல் 2017-18 வரை வசூல் 86,440 கோடி. நிதியத்துக்குப் போனது 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குக் கொடுத்தது 15,911 கோடி. மிச்சத்தை ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். யார் வீட்டுப் பணம் அது? கரண்ட் பில்லோடு சேர்த்து நாங்கள் கட்டியது. முப்பது வருஷமாக ஒரு ஊர் தன் கிணற்றைத் தொட முடியாமல் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறது. அந்த ஊர்ப் பேரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு, பணத்தை வேறு பள்ளத்தில் கொட்ட உங்களுக்கு வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். தங்கள் பொன்னான நேரத்தில் குரலை உயர்த்திவிட்டேன். பொன்னும் மஞ்சள்தான் என்பதைக் கவனிக்கவும்.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களைக் கையாள ஒன்றிய அரசு விதிகளே கொண்டுவந்துவிட்டது. அப்போது கணக்கில் இருந்த 103 இடங்களில் சீரமைப்பு தொடங்கியிருந்தது 7-ல். மாசுபடுத்தியவர் செலவைக் கட்ட வேண்டும். அவர் இல்லாமல் போயிருந்தாலோ, கட்ட வக்கில்லாமல் இருந்தாலோ ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து ஏற்குமாம். கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியாகிவிட்டது. விதியாக வர 29 வருஷம், அது ஒன்றும் அதிகமில்லை. இனி யார் பங்கு எவ்வளவு என்று கோப்பு டெல்லிக்கும் கோட்டைக்கும் நடக்கும். நடந்து முடிவதற்குள் தாளும் மஞ்சளாகிவிடும். 2025 செப்டம்பரில் நிலக்கரி மீதான செஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள், ஆகவே எந்தப் பணத்தைத் திருப்பிவிட்டீர்கள் என்று இனி யாரும் கேட்கவும் முடியாது. அபாரம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கள ஆய்வுக்கு சென்ட்ரலில் ரயில் ஏறி வாலாஜா ரோடில் இறங்குங்கள். மச்சான் பைக்கோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். ஐப்பசியில் வந்தால் குவியலைத் தேட வேண்டாம், அதுவே ரோட்டுக்கு வந்து தங்களை வரவேற்கும். மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். சமையல் லாரித் தண்ணீரில், பயப்பட வேண்டாம். கை கழுவ மட்டும் கிணற்றுத் தண்ணீர். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எண் முடித்து வைக்கப்பட்டவன்